டீலர் ஒர்க்‌ஷாப், தனிப் பட்டறை, பண்ணை: வேளாண் இயந்திர மெக்கானிக் எங்கே தொழில் கற்பது?

விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது என்ன படிக்கலாம், எவ்வளவு சம்பளம் வரும் என்றுதான். முதல் நான்கைந்து ஆண்டுகள் யாரிடம் வேலை பார்ப்பது என்று அவ்வளவாக யோசிப்பதில்லை. ஒருவர் எப்படிப்பட்ட மெக்கானிக் ஆகிறார் என்பதைச் சான்றிதழைவிட அதுதான் தீர்மானிக்கிறது. வழிகள் மூன்று: ஒரே கம்பெனி வண்டியைப் பார்க்கும் டீலர் ஒர்க்‌ஷாப், எல்லாக் கம்பெனி வண்டியும் வந்து நிற்கும் தனிப் பட்டறை, பெரிய பண்ணையிலோ அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடுபவரிடமோ சொந்த மெக்கானிக்காக இருப்பது.

ஒரே பழுதை மூன்று இடத்திலும் வைத்துப் பார்க்கலாம். டிராக்டர் இன்ஜின் நன்றாக ஓடுகிறது, பின்னால் மாட்டிய கருவிக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு மட்டும் சுற்ற மாட்டேன் என்கிறது. பி.டி.ஓ. கிளட்சுக்குப் போகும் எண்ணெயில் அழுத்தம் குறைந்திருக்கலாம். அந்த எண்ணெயை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு போயிருக்கலாம். ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும் சீட் சுவிட்சாக இருக்கலாம். எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம்.

டீலரிடம் வேலை பார்ப்பவர் லேப்டாப்பை மாட்டி, வண்டியின் கணினி பதிந்து வைத்த பழுதுக் குறியீட்டை, அதாவது ஃபால்ட் கோடை எடுப்பார். அந்தக் கோடுக்கு மேனுவலில் ஒரு சோதனை வரிசை இருக்கும்: இந்தக் கனெக்டரைக் கழற்று, இந்த இரண்டு பின்னுக்கு நடுவே ஓம் அளவு பார், இவ்வளவுக்குள் இருந்தால் அடுத்த படிக்குப் போ. வரிசையைத் தாண்டாமல் போனால் பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும். அதன் பிறகு புகார் என்ன, காரணம் என்ன, என்ன வேலை செய்தோம் என்று மூன்றையும் எழுத வேண்டும். வாரண்டி வேலை என்றால் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் கம்பெனி பணம் தரும். காரணத்தைச் சரியாக எழுதாவிட்டால், செய்த வேலை சரியாக இருந்தாலும் கோரிக்கை திரும்பி வந்துவிடும்.

தனிப் பட்டறையில் அந்த மாடலின் ஒயரிங் படம் கையில் இல்லாமலும் இருக்கலாம். மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், பிரஷர் கேஜ் இவற்றை வைத்துக்கொண்டு, இதை வடிவமைத்தவன் எப்படி யோசித்திருப்பான் என்று தானே யோசித்துப் போக வேண்டும். சோலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா? வந்தால் பழுது வால்விலோ எண்ணெய்ப் பக்கமோ, வராவிட்டால் ஒயர் பக்கம். இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் எந்தக் கம்பெனி வண்டியைக் கண்டும் பயம் இருக்காது. ஆனால் கற்றுக்கொடுக்கும் ஆள் சரியில்லாத பட்டறையில் இந்தப் பழக்கம் வராது. ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கும் பழக்கம்தான் வரும், அதை மறக்கடிக்க அப்புறம் பல வருஷம் ஆகும்.

பண்ணை மெக்கானிக் இந்த இரண்டுக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பார்: நேற்று இதை ஓட்டியது யார், ராத்திரி எங்கே நிறுத்தினீர்கள்? வைக்கோல் கொட்டகையில் நின்றது என்றால் நேராக ஒயரிங்கைத்தான் பார்ப்பார். கடிபட்ட ஒயரைச் சேர்த்து வண்டியை வயலுக்கு அனுப்பிவிட்டு, மீதியைச் சாயங்காலம் முறையாகச் செய்வார். ஒரே வண்டியை வருஷக்கணக்கில் பார்ப்பதால், ஒரு பாகம் எதனால் போனது என்பது அவருக்குத் தெரியும். மற்ற இருவருக்கும் பெரும்பாலும் எது போனது என்பதோடு சரி.

டீலர் ஒர்க்‌ஷாப்பின் பெரிய பலம் பயிற்சியும் தகவலும். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதிலிருந்து எந்த சாஃப்ட்வேர் பதிப்பு ஏற்ற வேண்டும் என்பது வரை எழுத்தில் இருக்கும். இன்றைய டிராக்டரில் அது சின்ன விஷயம் இல்லை. இன்ஜினும் கியரும் ஜே1939 என்ற மின்னணுத் தகவல் தொடர்பு முறையில் ஒன்றோடொன்று பேசுகின்றன. டிராக்டரும் பின்னால் மாட்டிய கருவியும் ஐஎஸ்ஓ 11783 தரப்படி, அதாவது ஐசோபஸ் முறையில் பேசுகின்றன. ஜே1939 இணைப்பில் வண்டியை அணைத்துவிட்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் இரு முனைகளில் உள்ள ரெசிஸ்டர்களில் ஒன்றோ, நடுவே ஒரு கம்பியோ விட்டுப்போயிருக்கிறது. புகைவடிப்பான், புகையின் நச்சைக் குறைக்க யூரியா கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர் அமைப்பு இவையெல்லாம் இதற்கு மேல். இதைச் சரியான ஆளிடம், சரியான கருவியோடு முறையாகக் கற்க டீலரிடம்தான் வாய்ப்பு அதிகம்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. வாரண்டி வேலையில் பாகத்தைப் பிரித்துச் சரிசெய்வது குறைவு, மாற்றுவதுதான் அதிகம். இன்ஜெக்டர் கெட்டால் புதிது போட்டுவிட்டு, பழையதைக் கம்பெனி கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். உள்ளே என்ன தேய்ந்தது என்று மெக்கானிக் பார்ப்பதே இல்லை. ஒரு வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று கம்பெனி நிர்ணயித்திருக்கும். துருப்பிடித்த ஒரு போல்ட் உடைந்து கூடுதல் நேரம் போனால் அந்த நஷ்டம் டீலருக்கு, சில இடங்களில் மெக்கானிக்குக்கே. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பல மாதங்கள் புது வண்டியை விற்பனைக்கு முன் சரிபார்ப்பதும் ஆயில் மாற்றுவதும்தான் வேலை. அது பல மாதங்களோடு முடிகிறதா, இரண்டு வருஷம் இழுக்கிறதா என்பதில்தான் நல்ல டீலரும் மோசமான டீலரும் பிரிகிறார்கள்.

தனிப் பட்டறையில் நேர் எதிர். பழைய வண்டிகள் வரும், புது பாகம் வாங்க மனமில்லாத உரிமையாளர் வருவார். கிளட்ச் போட டிராக்டரை நடுவில் பிரிப்பது, தேய்ந்த தண்டை லேத்தில் கொடுத்து ஏற்றி எடுப்பது, விரிசல் விட்ட வார்ப்பில் எங்கே வெல்டிங் பிடிக்கும், எங்கே பிடிக்காது என்பதெல்லாம் இங்கேதான் கைக்கு வரும். கூடவே, விளைச்சல் வந்ததும் தருகிறேன் என்பவரிடம் பணம் வசூலிக்கும் கலையும். பின்னால் சொந்தமாகக் கடை வைக்க நினைப்பவருக்கு இந்தக் கடைசிப் பாடம்தான் முக்கியம்.

தனிப் பட்டறைக்குப் பெரிய தடை சாஃப்ட்வேர். ஃபால்ட் கோடு படிக்கப் பல கம்பெனி வண்டிகளுக்கும் பொருந்தும் கருவிகள் உண்டு. டெக்ஸா, ஜால்டெஸ்ட் இரண்டும் வேளாண் இயந்திரங்களுக்கென்றே பதிப்பு வைத்திருக்கின்றன. ஆனால் புதிதாக மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியை வண்டியோடு இணைப்பது போன்ற சில வேலைகளுக்குக் கம்பெனியின் கருவிதான் வேண்டும் என்ற நிலை பல மாடல்களில் இருக்கிறது. இதற்காகவே அமெரிக்காவில் பெரிய சண்டை நடக்கிறது. 2023 ஜனவரியில் டிராக்டர் தயாரிக்கும் ஜான் டியர் நிறுவனமும் அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பும், கருவிகளும் தகவலும் வெளியாருக்கும் கிடைக்க ஒப்பந்தம் செய்தன. விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்கான கொலராடோ மாநிலச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஜான் டியர் மீது வழக்கே போட்டது. இந்தக் கதவு திறக்கும் வேகத்தைப் பொறுத்துத்தான் தனிப் பட்டறைகளின் எதிர்காலம் இருக்கிறது. ஒரேயடியாகத் திறந்துவிடும் என்று நம்பி யாரும் கடன் வாங்கிக் கடை போட வேண்டாம்.

பண்ணை வேலையைப் பற்றிச் சொல்லக் குறைவாகத்தான் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் தூக்கம் கிடையாது, மற்ற மாதங்களில் இயந்திரத்தைப் பிரித்து பியரிங், பெல்ட், கத்தி, சல்லடை என்று நிதானமாகப் பார்க்கலாம். சர்வீஸ் நேரம் வந்ததும் ஆயில் மாற்றி, எழுதி வைத்து, பழுது வருமுன் பிடிக்கும் ஒழுங்கு இங்கே நன்றாக வரும். ஆனால் பார்ப்பது அதே பத்து வண்டிதான். இன்னொன்று, தனியாக, இருட்டில், அவசரத்தில் வேலை செய்ய வேண்டிவரும். ஹைட்ராலிக் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையால் தடவிக் கசிவு தேடக் கூடாது, அட்டையைக் காட்டித்தான் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில்தான் மறக்கும். அப்படிப் பட்டுவிட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அது உடனே அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டிய அவசரம். பக்கத்தில் இன்னொருவர் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் இந்த ஆபத்து குறைவு.

என்னைக் கேட்டால் முதல் மூன்று நான்கு வருஷம் டீலரிடம். மின்னணுப் பக்கத்தைப் பின்னால் தானாகக் கற்பது மிகக் கடினம், இரும்புப் பக்கத்தை எந்த வயதிலும் நல்ல பட்டறையில் கற்கலாம். அதன் பிறகு சொந்தத் தொழில் ஆசை உள்ளவர் தனிப் பட்டறைக்குப் போகட்டும். மாதச் சம்பளமும் பதவி உயர்வும் வேண்டும் என்பவர் டீலரிடமே சர்வீஸ் மேனேஜராகவோ, கம்பெனியின் களப் பொறியாளராகவோ, பயிற்சியாளராகவோ போகலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கத்தில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் மட்டுமே பார்க்கும் நல்ல கடையோ ஹைட்ராலிக் மட்டுமே பார்க்கும் நல்ல கடையோ இருந்து, அங்கே எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் டீலரை மறந்துவிடலாம். டீலர்களே அந்தக் கடைக்குத்தான் பாகத்தை அனுப்புவார்கள்.

டீலரிடம் நேர்காணலுக்குப் போகும்போது சம்பளம் பேசுமுன் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். போன வருஷம் எத்தனை மெக்கானிக்குகளைக் கம்பெனிப் பயிற்சிக்கு அனுப்பினீர்கள்? லேப்டாப் எல்லோர் கையிலும் இருக்குமா, ஒரே ஒருவரிடம் மட்டுமா? கைக்கருவிகளை நான் வாங்க வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒருவரிடம்தான் என்று பதில் வந்தால் அடுத்த டீலரைப் பார்க்கலாம்.