ஈஸ்ட் இல்லாத சினமன் ரோல்: உள்ளே கருப்பட்டியா, பேரீச்சம்பழமா?

பட்டைப்பொடியும் சீனியும் உள்ளே வைத்துச் சுருட்டிச் சுடுகிற சினமன் ரோல் என்ற பன்னைப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது மகள்தான். சென்னையில் படிக்கிறாள். லீவுக்கு வரும்போது ஒரு பெட்டியில் நாலு வாங்கி வந்தாள். மேலே வெள்ளையாகச் சீனிப்பாகு வழிந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை, அவ்வளவு தித்திப்பு. ஆனால் அந்தப் பட்டை மணம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வீட்டில் மாமாவுக்குச் சுகர். எனக்கும் போன வருடம் பார்த்ததில் எல்லையில் நிற்கிறது. சரி, ஈஸ்ட் இல்லாமல், சீனியைக் குறைத்து நாமே செய்யலாம் என்று இறங்கினேன். இந்த 5 மாதத்தில் 16, 17 தடவை செய்திருப்பேன்.

எங்கள் பக்கம் சீனிக்குப் பதில் என்ன என்று யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி வீட்டில் இல்லாத நாள் குறைவு. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். இப்போது பேரீச்சம்பழத்துக்கு மாறிவிட்டேன், மாறிய பிறகு திரும்பிப் போகவில்லை. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் மாவு விஷயம். ஈஸ்ட் வேண்டாம் என்றதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் மீதி வீணாகிறது. சித்திரை வெயிலில் மாவு எப்போது பொங்கும், எப்போது புளிக்கும் என்று பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். ஈஸ்ட் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரத்தில் ரோல் தட்டில் இருக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இழுத்தால் நூல் நூலாகப் பிரிகிற அந்தப் பன் பதம் இதில் வராது. பிட்டால் மெதுவாக உதிரும், பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு பதம். அதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் ஈஸ்ட்டுக்கே போவது நல்லது.

உப்ப வைக்க இரண்டு வழி: பாலும் பேக்கிங் பவுடரும், அல்லது தயிரும் ஆப்ப சோடாவும். இரண்டும் வேலை செய்யும். பேக்கிங் பவுடரில் புளிப்பு ஏற்கனவே கலந்திருக்கிறது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மீதி என்று இரண்டு தடவை உப்புகிற வகை. அதனால் பிசைந்துவிட்டுக் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. சோடா அப்படியில்லை. தயிரின் புளிப்பு பட்ட நிமிடமே நுரைக்கத் தொடங்கிவிடும், உடனே அடுப்புக்குப் போக வேண்டும். ஆனாலும் நான் தயிர்ப் பக்கம். புளிப்பு மாவை மிருதுவாக்குகிறது, வீட்டில் எப்போதும் இருக்கிற பொருள், அப்புறம் அந்த லேசான புளிப்பினால் இனிப்பு குறைந்தது தெரிவதில்லை. 150 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் மைதா, 160 கிராம் கெட்டித் தயிர், 40 கிராம் வெண்ணெய், அரை டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, தேவைப்பட்டால் இரண்டு ஸ்பூன் பால். சோடா இதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும். மாவைச் சப்பாத்திக்குப் பிசைவது போல் அழுத்திப் பிசையக் கூடாது, சேர்ந்து வந்தால் போதும்.

இனி உள்ளே வைக்கிற இனிப்பு.

முதல் தடவை 80 கிராம் கருப்பட்டியைச் சீவி, பட்டைப்பொடி கலந்து, விரித்த மாவில் தூவிச் சுருட்டினேன். 8 ரோல். அடுப்பைத் திறந்தபோது வாசனைக்குக் குறையே இல்லை. பனையின் அந்தக் கருகல் மணமும் பட்டையும் சேர்ந்து தெரு வரைக்கும் போயிருக்கும். ஆனால் தட்டில் பார்த்தால் ரோல்களுக்கு நடுவே கறுப்பாகப் பாகு தேங்கி நின்றது. ஆறியதும் அது கமர்கட்டு மாதிரி இறுகிவிட்டது. கரண்டியால் தட்டினால் டக்கென்று சத்தம். ஒவ்வொரு ரோலையும் நெம்பித்தான் எடுத்தேன், இரண்டு ரோலின் அடி தட்டிலேயே நின்றுவிட்டது. ஒன்றை வாயில் போட்டால் ஓரத்தில் இனிப்பே இல்லை.

அடுத்த தடவை 100 கிராம் போட்டேன். அதற்கடுத்து 120. அப்போது அத்தை பக்கத்தில் நின்று தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, கருப்பட்டியெல்லாம் அடியில போய்க் கெடக்கு. நீ எவ்வளவு போட்டாலும் பன்னுல என்ன நிக்கும்?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சீனியைக் குறைப்பது என்றால் எதைப் போடுகிறோம் என்பது மட்டுமில்லை, போட்டது போட்ட இடத்தில் நிற்கிறதா என்பதும்தான். கருப்பட்டி மாவின் ஈரத்தை இழுத்து இளகுகிறது, சூட்டில் பாகாகிறது, சுருளின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. நாக்குக்கு இனிப்பு போதவில்லை என்று நாம் அடுத்த தடவை கூட்டுகிறோம். கூட்டினால் அடியில் ஒட்டியது போக மீதி உடம்புக்குத்தான் போகிறது. 120 கிராமை 8 ரோலுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 15 கிராம். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. இரும்புச்சத்தும் தாது உப்பும் கொஞ்சம் உண்டு என்பதற்காக அதைக் கணக்கில் விட்டுவிட முடியாது. தனியாகச் சேர்க்கிற இனிப்பு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. இரண்டு ரோலில் ஏறக்குறைய அதைத் தொட்டுவிடும்.

கருப்பட்டியில் இன்னொரு தொல்லை மண். காப்பிக்கோ பணியாரத்துக்கோ என்றால் கரைத்து வடிகட்டிவிடுகிறோம். இங்கே பொடியாகத் தூவ வேண்டும், வடிகட்ட வழியில்லை. கரைத்து வடிகட்டித் திரும்பக் காய்ச்சிக் கெட்டியாக்கியும் தடவிப் பார்த்தேன். அதுவும் அடுப்புக்குள் இளகி அதே வழியில்தான் போனது. வறுத்த எள்ளைப் பொடித்துக் கலந்தபோது ஒழுகல் பாதியாகக் குறைந்தது. அப்படி இரண்டு தடவைதான் செய்திருக்கிறேன், அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எள்ளுருண்டையின் ருசி மேலே வந்து பட்டை அமுங்கிவிட்டது. நல்ல தின்பண்டம்தான், சினமன் ரோல் இல்லை.

பேரீச்சம்பழத்துக்கு வருகிறேன். விதை நீக்கியது 100 கிராம். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, நீரை வடித்துவிட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் மட்டும் விட்டு மிக்சியில் விழுதாக அரைக்க வேண்டும். இந்த விழுதை அப்படியே தடவினால் மாவின் உள்வட்டம் வேகாமல் பச்சையாக நிற்கும். எனக்கு முதல் தடவை அதுதான் நடந்தது. அதனால் ஒரு ஸ்பூன் வெண்ணெய் விட்டு வாணலியில் 3, 4 நிமிடம் கிண்டுகிறேன். அல்வா கிண்டுகிற ஊர்க்காரர்களுக்கு அந்தப் பதத்தை விளக்கவே வேண்டாம்: ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு கரண்டியோடு வரும். இறக்கி, இரண்டு டீஸ்பூன் பட்டைப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு. ஆறியதும் கால் அங்குல கனத்துக்கு விரித்த மாவில் ஓரம் வரை தடவிச் சுருட்ட வேண்டியதுதான்.

வெட்டுவதற்குக் கத்தி வேண்டாம், நசுங்கிவிடும். பூக்கட்டுகிற நூலைச் சுருளுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே குறுக்காக மாற்றி இழுத்தால் சுருள் வட்டம் கலையாமல் அறுந்து விழும். 180 டிகிரியில் 20, 22 நிமிடம்.

இதில் விழுது நகரவே இல்லை. பழத்தின் நாரும் சதையும் அதைப் பிடித்து வைக்கின்றன. வெந்த ரோலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பழுப்பு வளையம் நடுவிலிருந்து வெளி ஓரம் வரை ஒரே கனத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு கடியிலும் இனிப்பு இருப்பதால் கூட்ட வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. மேலே பாகும் கேட்கவில்லை. துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் ஒரு ஸ்பூன் விழுதைக் கலந்து மேலே வைத்தால் மகளே போதும் என்கிறாள்.

பேரீச்சம்பழத்தில் சர்க்கரை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 100 கிராமில் 60 முதல் 70 கிராம் வரை சர்க்கரைதான். நார்ச்சத்து 7, 8 கிராம் கூடவே வருகிறது. என் கணக்கில் ஒரு ரோலுக்கு 8 கிராம் இனிப்பு, 120 கிராம் கருப்பட்டி போட்டபோது வந்ததைவிடக் குறைவு. பழம்தானே என்று விட்டுவிடாமல் அரைத்த விழுதையும் சேர்த்த இனிப்பாகவே எண்ணுகிறேன். மாவும் சுகரை ஏற்றும் என்பதால் மாமாவுக்கு ஒரு வேளைக்கு ஒன்று, அதுவும் காலைப் பலகாரத்தில் ஒரு இட்லியைக் குறைத்துக்கொண்டு. மற்றவர்கள் அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இனிப்பு குறைந்த இடத்தை நிரப்புவது அதுதான். பிரியாணிக்கு வாங்குகிற தடித்த பட்டை காரமாக இருக்கும், அதில் கூமரின் என்ற பொருளும் அதிகம், அடிக்கடி நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு நல்லதில்லை. இலங்கைப் பட்டை என்று கேட்டு வாங்குங்கள். சுருட்டு மாதிரி பல மெல்லிய அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நெரித்தால் நொறுங்கும். விலை கூடத்தான். ஆனால் மணத்திலேயே ஒரு தித்திப்பு இருக்கிறது.

மைதாவை முழுக்க விட்டுக் கோதுமையில் மட்டும் இரண்டு தடவை செய்தேன். ருசி நன்றாக இருந்தது, சுருட்டும்போது மாவு விரிசல் விட்டது. தயிரைக் கூட்டினால் சரியாகும் என்று நினைக்கிறேன், இன்னும் செய்து பார்க்கவில்லை. ஓவன் இல்லாதவர்களுக்காகக் கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தேன். வெந்தது, ஆனால் மேல்பக்கம் சிவக்கவில்லை.

அப்புறம் மறுநாள். ஈஸ்ட் இல்லாத இந்த மாதிரி ரோல் சீக்கிரம் காயும், சீனி குறைந்தால் இன்னும் சீக்கிரம். கருப்பட்டி ரோல் மறுநாள் சாயங்காலம் காப்பியில் முக்காமல் இறங்கவில்லை. பேரீச்சை ரோலைச் சம்புடத்தில் மூடி வைத்து மறுநாள் 4 மணிக்குத் திறந்தால் விழுது ஒட்டிய உள்பக்கம் ஈரமாகவே இருக்கிறது, வெளிப்பக்கம்தான் கொஞ்சம் விறைக்கிறது. இட்லிப் பானையில் துணி போட்டு 2 நிமிடம் ஆவி காட்டினால் அதுவும் இளகிவிடும். இரண்டாம் நாளுக்கு மேல் எங்கள் வீட்டில் மிஞ்சியதில்லை. கருப்பட்டி இப்போது அதன் பழைய இடத்துக்கே, அத்தையின் சுக்குக் காப்பிக்குப் போய்விட்டது.