பழைய போலோவுக்கு எந்த சஸ்பென்ஷன்? நாலு வழிகள், ஒரு அலசல்

2013-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யை இன்று செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பலருக்கும் திட்டம் ஒன்றுதான். வாரம் முழுக்க ஆபீஸ், வாய்ப்பு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் டார்க். பத்து வருஷம் ஓடிய பிறகும் இன்ஜினில் தெம்பு இருக்கும், வயசு தெரிவது சஸ்பென்ஷனில்தான். வளைவில் உடம்பு சாயும், மேடு ஏறி இறங்கினால் ஆட்டம் அடங்க நேரமாகும், பிரேக் போட்டால் மூக்கு குத்தும்.

இதைச் சரிசெய்ய நாலு வழிகள் உண்டு. பழையபடி புதுசாக்குவது, லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்) மட்டும் போடுவது, ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு நல்ல மோனோட்யூப் ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஒற்றைக் குழாய் டேம்பர்) போடுவது, முழு காயில்ஓவர் கிட் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு). பெரும்பாலானவர்கள் தொடங்குவது இரண்டாவதில். என் வரிசையில் அதற்குத்தான் கடைசி இடம்.

முதலில் முதல் வழி. வண்டியை லிஃப்டில் ஏற்றி முன் ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். ராடில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் இருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் மஞ்சள் பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுக்க அமுங்கும்போது முட்டும் மெத்தை) விரலால் அழுத்தினால் பல வண்டிகளில் அது பொடியாக உதிரும். அடுத்து லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை) பின்பக்க ரப்பர் புஷ்ஷில் லிவரை விட்டு நெம்பிப் பாருங்கள், ரப்பரில் கீறல் வாய் திறக்கும். ஸ்ட்ரட் மவுண்ட் (முன் ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிணைப்பது), அதன் பேரிங், லிங்க் ராடு எல்லாவற்றையும் அதே கையோடு சோதித்துவிடலாம்.

இவற்றோடு பில்ஸ்டீன் கம்பெனியின் பி4 போன்ற சாதாரண ஷாக் நாலும் மாற்றினால் வண்டி ஷோரூமிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பும். டிராக்கில் வேகம் அதிகரிக்காது, ஆனால் ஸ்டியரிங் சொல்கிற இடத்துக்கு வண்டி போகும். மற்ற மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த புஷ், மவுண்ட் வேலையைத் தவிர்க்க முடியாது. செத்த புஷ்ஷின் மேல் விலையுயர்ந்த ஷாக் போட்டால் காசுதான் வீண்.

மெக்கானிக்கிடம் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது முறுக்கி முடிக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகே கடைசி முறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். அவசரத்தில் இதை விட்டுவிடும் மெக்கானிக்குகள் நிறைய.

இப்போது லோயரிங் ஸ்பிரிங். போலோவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 165 மி.மீ. அதில் 30 மி.மீ. குறைத்தால் 135 தான் மிச்சம். நாலு பேரும் டிக்கியில் பையும் ஏறினால் இன்னும் இறங்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், விதிப்படி கட்டிய வேகத்தடையில் பிரச்சினையே வராது. இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். போலோவின் வீல்பேஸ் சுமார் 2.46 மீட்டர்தான் என்பதால் வண்டி மொத்தமாக அதன் மேல் ஏறி இறங்கிவிடும். தெருவுக்குத் தெரு ஊர்க்காரர்களே தார் கொட்டி எழுப்பியிருக்கும் குட்டைச் சுவர்கள்தான் வயிற்றை உரசும்.

உரசல்கூட இரண்டாம் பட்சம். ஸ்பிரிங் குட்டையானால் ஷாக் மேலே போக இருக்கும் இடமும் அதே அளவு குறைகிறது. ஒரு பள்ளத்திலேயே பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். டிராக்கில் இது நடு வளைவில் நடந்தால் அந்தச் சக்கரத்தின் பிடி திடீரென்று அறுந்துபோகும், ஓட்டுகிறவர் "வண்டி ஹார்டாக இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வார்.

அப்புறம் ஜியோமெட்ரி. முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. வண்டியை இறக்கினால் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும். வண்டியின் எடை மையம் 30 மி.மீ. இறங்கினால் ரோல் சென்டர் (வளைவில் உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதைவிட அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடுவதால், சாய வைக்கும் நெம்புகோலின் நீளம் கூடுகிறது. புது ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்பில் ஒரு பங்கு இதைச் சமாளிக்கவே செலவாகிவிடும். போதாக்குறைக்கு, பத்து வருஷப் பழைய ஷாக்கால் அந்த விறைப்பான ஸ்பிரிங்கை அடக்கவும் முடியாது. ஆக, ரோட்டிலும் மோசம், டிராக்கிலும் மோசம். போட்டோவில் மட்டும் நன்றாக இருக்கும்.

மூன்றாவது வழிக்குத்தான் என் ஓட்டு. ஒரிஜினல் ஸ்பிரிங், ஒரிஜினல் உயரம், பில்ஸ்டீன் பி6 என்ற மோனோட்யூப் ஷாக். சாதாரண ட்வின்ட்யூப் (இரட்டைக் குழாய்) ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில்தான் இருக்கும். டிராக்கில் நாலைந்து சுற்று இடைவிடாமல் அடித்தால் எண்ணெய் சூடேறி நுரைக்கும், ஷாக் தளரும். மோனோட்யூபில் நைட்ரஜனை எண்ணெயிலிருந்து ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது. குழாயின் சுவர் நேரே காற்றில் படுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும்.

ஷாக் இரண்டு வகை வேலை செய்கிறது. வளைவில் உடம்பு சாய்வது, பிரேக்கில் மூக்கு குத்துவது போன்றவற்றில் பிஸ்டன் மெதுவாக நகரும். பள்ளத்தில் விழும்போது வேகமாக நகரும். நல்ல ஷாக் மெதுவான அசைவுக்கு இறுக்கமாகவும் வேகமான அடிக்கு விட்டுக்கொடுத்தும் வால்வ் செய்யப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கை மாற்றாமலே சாய்வின் வேகம் குறைவது இதனால்தான். கடைசியில் வண்டி கிட்டத்தட்ட அதே அளவு சாயும், ஆனால் நிதானமாகச் சாய்ந்து அங்கேயே நிற்கும். லேப் டைமுக்கு வேண்டியது அந்த நிதானம்தான். இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கி.மீ. சுற்றில் வரும் வேகமான வளைவுகளில் இதன் அருமை நன்றாகவே தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. 30, 40 வேகத்தில் உடைந்த ரோட்டில் சின்னச் சின்ன நடுக்கம் உள்ளே வரும். பின்சீட்டில் அம்மா உட்கார்ந்தால் கேட்பார். 80-க்கு மேல் போனால் அதே வண்டி பழைய ஷாக்கைவிட அமைதியாக இருக்கும். கடைக்காரர் பி8-ஐ நீட்டினால் வாங்காதீர்கள். அது தாழ்த்திய ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது. எப்படியும் தாழ்த்தியே தீருவேன் என்பவர்களுக்கு பி8-உம் ஐபாக் கம்பெனியின் ப்ரோ கிட் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பி12 என்ற ஜோடி இருக்கிறது. வெறும் ஸ்பிரிங் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

காயில்ஓவர் என்றதும் கண் விரியும். பில்ஸ்டீன் பி14, கேடபிள்யூ கம்பெனியின் வி1 இரண்டிலும் உயரத்தை மட்டும் மாற்றலாம், டேம்பிங் (ஷாக்கின் இறுக்கம்) கம்பெனி வைத்ததுதான். கேடபிள்யூ வி2-வில் ரீபவுண்ட் (ஷாக் நீளும்போதான இறுக்கம்) மாற்றலாம், வி3-இல் கம்ப்ரஷனும் (அமுங்கும்போதான இறுக்கம்) சேரும். இறுக்கத்தை மாற்ற முப்பது கிளிக் இருக்கிறது என்று விற்கும் மலிவு கிட்டுகளில் பத்தாவது கிளிக்குக்கும் பதினைந்தாவதுக்கும் வித்தியாசம் உணர்ந்தவர்களைக் கண்டுபிடிப்பது சிரமம். இன்னொன்று, போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே சட்டம். அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி இடத்தில் உட்கார்ந்திருப்பதால், கிட்டின் பெயர் என்னவானாலும் பின்னால் வருவது தனி ஸ்பிரிங்கும் அதற்கு ஒரு உயரத் திருகும்தான்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு டிராக் டே போகிறவருக்கு இது அதிகப்படி. மாதாமாதம் இருங்காட்டுக்கோட்டையோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயோ போகிறவர், செமி ஸ்லிக் டயர் (டிராக்குக்கான, பிடி அதிகமான டயர்) போடுகிறவர், ஆபீஸுக்கு வேறு வண்டி வைத்திருப்பவர் என்றால் தாராளமாகப் போகலாம். கேம்பர் பிளேட் (சக்கரம் சாயும் கோணத்தை மாற்ற உதவும் தகடு) சேரும் கிட்டாகப் பார்ப்பது நல்லது. டிராக்கில் முன்டயரின் வெளி ஓரம் தேய்வதை நிறுத்துவது நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது)தான், வெறும் ஷாக் மாற்றினால் அது கிடைக்காது. அந்த கிட்டிலும் உயரத்தை 15 மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆர்சி-யில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. ஷாக்குக்கு ஷாக் மாற்றுவதில் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. தரையை ஒட்டி இறக்கிய வண்டி செக்போஸ்டில் தானே கண்ணில் படும். எதைப் போட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி வையுங்கள்.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் இந்த வருஷம் புஷ், மவுண்ட், நல்ல டயர், புது பிரேக் ஆயில். அடுத்த வருஷம் பி6. அதைப் போட்ட பிறகு வீல் அலைன்மென்ட்டை அன்றைக்கே ஒருமுறை, சில நூறு கிலோமீட்டர் ஓடி எல்லாம் உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை செய்துவிடுங்கள். ரிப்போர்ட்டின் பிரிண்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு முன்சக்கரங்களின் கேம்பருக்கும் இடையே அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சப்ஃபிரேமை (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) தளர்த்தி நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.