வேகம் சரி, நிலையம் எங்கே? 2023ஆம் ஆண்டின் ரயில் சேவைகள்: ஒரு மதிப்புரை

ஒரு ரயில் சேவையை எடைபோட அதன் உச்ச வேகத்தைப் பார்ப்பதைவிட, புறப்பட்ட வாசலிலிருந்து போய்ச் சேர வேண்டிய வாசல் வரை ஆகும் நேரத்தைப் பார்ப்பதே நியாயம் என்பது என் கட்சி. 2023இல் உலகில் புதிதாக ஓடத் தொடங்கிய ரயில்களை அப்படி அளந்தால், விளம்பரங்களில் முன்னால் நின்றவை பல பின்னுக்குப் போய்விடுகின்றன.

அதிகம் பேசப்பட்டது இந்தோனேசியாவின் 'ஊஷ்'. சீனத் தொழில்நுட்பத்திலும் பெருமளவு சீனக் கடனிலும் உருவாகி, அக்டோபர் 2 அன்று தொடங்கிவைக்கப்பட்ட இதுவே தென்கிழக்கு ஆசியாவின் முதல் அதிவேக ரயில். 142 கிலோமீட்டர் நீளப் பாதையை மணிக்கு 350 கிலோமீட்டர் வரை எட்டும் வேகத்தில் சுமார் முக்கால் மணி நேரத்தில் கடக்கிறது. பழைய ரயிலில் ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங் செல்ல மூன்று மணி நேரம் பிடிக்கும். ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இரு முனைகளிலும் இருக்கிறது. புறப்படும் ஹலிம் நிலையம் ஜகார்த்தாவின் மையத்தில் இல்லை, கிழக்குப் பகுதியில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட இலகு ரயில் அதைத் தொட்டுச் செல்வது ஓர் ஆறுதல். மறுமுனையில் பாண்டுங் நகர மையத்துக்கு இந்த ரயில் செல்வதே இல்லை. நகருக்கு வெளியே உள்ள படலாரங் நிலையத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடை மாறி, இணைப்பு ரயிலுக்குக் காத்திருந்து, அதில் மேலும் ஏறக்குறைய 20 நிமிடம் போனால்தான் நகர மையம் வருகிறது. மிச்சம் பிடித்த நேரத்தில் ஒரு பங்கு இங்கேயே கரைந்துவிடுகிறது.

செப்டம்பர் 22 அன்று ஆர்லாண்டோ வரை நீண்ட அமெரிக்காவின் 'ப்ரைட்லைன்' இதற்கு நேர்மாறு. டீசல் எஞ்சின் இழுக்கும் ரயில். உச்ச வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். மயாமியிலிருந்து 378 கிலோமீட்டர் செல்ல மூன்றரை மணி நேரம். ஜப்பானியப் பயணி சிரித்துவிடுவார். ஆனால் ஒரு முனை மயாமியின் நடு நகரிலும் மறுமுனை ஆர்லாண்டோ விமான நிலையத்துக்குள்ளேயும் இருப்பதால், காரோட்டியே பழகிய புளோரிடா மாநிலத்தில் அதற்கு ஆள் சேர்கிறது. பழைய சரக்குப் பாதையின் எண்ணற்ற லெவல் கிராசிங்குகளில் மனிதர்களும் வாகனங்களும் தொடர்ந்து அடிபடுவதை மட்டும் மன்னிக்க முடியாது.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் தொடங்கிய நீலத் தட ரயில் 13 கிலோமீட்டர், ஐந்து நிலையங்கள். டெல்லிக்கு அருகே சாஹிபாபாத்–துஹாய் இடையே தொடங்கிய 'நமோ பாரத்' 17 கிலோமீட்டர். இரண்டும் சிறிய தொடக்கங்கள், ஆனால் நெரிசல் இருக்கும் இடத்திலேயே போடப்பட்டவை. பிரிட்டனிலோ பர்மிங்காமிலிருந்து மான்செஸ்டருக்கு வரவிருந்த அதிவேகப் பாதை கைவிடப்பட்டது. அதைப் பிரதமர் அறிவித்த இடம் மான்செஸ்டரில், ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்து மாநாட்டு அரங்கமாக மாறிய கட்டடம்! இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

என் கணக்கில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ரயில் சேவைக்குச் சக்கரமே கிடையாது. மே 1 முதல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த 'டாய்ச்லாந்து டிக்கெட்' அப்போது மாதம் 49 யூரோ. அதுவரை ஊருக்கு ஊர் மாறும் கட்டண மண்டலங்களை வரைபடம் பார்த்துப் படித்தாக வேண்டியிருந்தது. இப்போது கைபேசியில் ஒரே குறியீட்டைக் காட்டி, ஹாம்பர்க்கில் பேருந்தும் மியூனிக்கில் சுரங்க ரயிலும் இடையிலுள்ள வட்டார ரயில்களும் ஏறலாம். ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததில் போகலாம், சீட்டு வீணாகாது. இரண்டு குறைகள்: நெடுந்தூர விரைவு ரயில்களில் இது செல்லாது, சந்தா முறை என்பதால், மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய மறந்தால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடிக்கப்படும்.

இத்தனை மதிப்பெண்களும் பயணி உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான். ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்குப் பிரதான பாதையில் செல்லப் பச்சை சிக்னல் விழுந்தது; வண்டியைத் தடம் மாற்றிவிடும் தண்டவாளப் பாயிண்டோ பக்கவாட்டுத் தடமான லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. நின்றிருந்த சரக்கு ரயிலில் அது மோதியதைத் தொடர்ந்து நேர்ந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை போய் நின்ற இடம், தண்டவாள ஓரத்துப் பெட்டியொன்றில் தவறாகப் பெயர் ஒட்டப்பட்டு, தவறாக இணைக்கப்பட்டிருந்த கம்பிகள். பிப்ரவரி இறுதியில் கிரீஸின் டெம்பியில் ஒரு பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் ஒரே தடத்தில் 12 நிமிடம் எதிரெதிராக ஓடியும் அவற்றை நிறுத்த எந்தக் கருவியும் இல்லை. 57 பேர் இறந்தனர். அந்தப் பாதைகளில் சிக்னல்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் அமைப்பைச் சீரமைக்கும் ஒப்பந்தம் 2014இலேயே கையெழுத்தாகியிருந்தது.