குட்டை வெட்டும் முன் ஒரு மழைக் கணக்கு

ஏற்காடு அடிவாரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. பண்ணைக்குட்டை வெட்டலாம் என்று ஜேசிபிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் நின்ற இடத்திலேயே கணக்கை முடித்துவிட்டார்: "பத்து சென்டி மழை பெஞ்சா எட்டு லட்சம் லிட்டருங்ணா. பெருசாவே வெட்டிரலாம்." பெருக்கல் சரிதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். தோப்பு 8,094 சதுர மீட்டர். ஆனால் பெய்வதெல்லாம் ஓடியா வரும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் சேலத்தில் மழைத் தண்ணீர்க் கணக்குப் போட்டுத் தரும் ஒரு சிறிய அலுவலகத்தை அழைத்தேன். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

வந்த பெண் இன்ஜினியர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களை வைத்து, மேலே கட்டை போட்டுச் சம்மட்டியால் மண்ணில் இறக்கினார். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் மட்டம் இறங்குவதை ஸ்கேலில் குறித்துக்கொண்டே இருந்தார். "வெளிவளையம் எதுக்கும்மா?" "உள்ள இருக்கற தண்ணி பக்கவாட்டுல பரவாம நேரா கீழ போகணும் சார்." மரங்களுக்கு நடுவே செம்மண் மடமடவென்று குடித்தது. டிராக்டர் திரும்பும் இடத்தில் தண்ணீர் அப்படியே நின்றது.

கணக்குக்கு அவர்கள் எடுத்தது 'கர்வ் நம்பர்' முறை: நிலத்துக்கு 100-க்குள் ஒரு எண் போடுவார்கள், எண் கூடினால் ஓடி வரும் தண்ணீரும் கூடும். அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950-களில் உருவாக்கியது. மண், பயிர், சரிவைப் பார்த்து என் தோப்புக்கு 75 போட்டார்கள். அதன்படி 10 செ.மீ. மழைக்கு ஓடி வருவது 3.3 லட்சம் லிட்டர். 5 செ.மீ. மழைக்கு அதில் பாதி இருக்கும் என்று நினைப்போம். வெறும் 75 ஆயிரம்தான். முதலில் விழும் மழையை மண் உறிஞ்சிக்கொள்கிறது. அதுவே முந்தைய ஐந்து நாள் நல்ல மழை பெய்து மண் ஊறிக் கிடந்தால், அதே 5 செ.மீ.க்கு 1.9 லட்சம். இந்த ஒரு பக்கத்துக்கே கொடுத்த காசு தகும்.

குறை இனிமேல்தான். வேலிக்கு மேலே கரடு, அதாவது சின்னப் பாறைக்குன்று இருக்கிறது. அடைமழையில் பாறையில் வழிகிற தண்ணீர் நேராக என் தோப்புக்குள்தான் இறங்கும். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதும், அதற்குத் தனியாக லெவல் எடுக்க (மேடு பள்ளம் அளக்க) வேண்டும், கட்டணமும் தனி என்றார்கள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? அந்தத் தண்ணீரைச் சேர்க்காமல், குட்டை நிரம்பினால் மிச்சம் வெளியேறும் கலிங்கு எவ்வளவு அகலம் விடுவது? அந்தக் கட்டணத்தையும் கட்டித் தொலைத்தேன். இரண்டாவது அறிக்கை ஒழுங்காக வந்தது.

ஐந்துக்கு மூன்றரை. மலையோரம் நிலம் இருப்பவர்கள் கூப்பிடலாம், மேல்சரிவும் சேர்த்தி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீட்டு மொட்டைமாடிக்கு இவர்கள் வேண்டாம். 1,000 சதுர அடி மாடியில் 5 செ.மீ. பெய்தால் சுமார் 4,650 லிட்டர்; ஆவியாவது, தெறிப்பது என்று 15 சதவீதம் கழித்தால் சுமார் 3,950. நீங்களே போட்டுவிடலாம்.