போன் மாறினால் 12 மணி நேரம்

வங்கி, மின்னஞ்சல் கணக்குகளைத் திறக்க ஓடிபி (குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்), டிஜிட்டல் டோக்கன் (வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தரும் வசதி), பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலான மின்சாவி) இதில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று அலுவலக நண்பர் கேட்டார். போனுக்கு மதர்போர்டு மாற்றி வாங்கி வந்த அன்றைக்கே கேட்டார். எனக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை.

முதலில் பாஸ்கீ. மின்னஞ்சலுக்கும் மற்ற சில கணக்குகளுக்கும் வெகுநாளாக வைத்திருக்கிறேன். விரலை வைத்தால் திறக்கும், அவ்வளவுதான். பிடித்த விஷயம் வேறு. போலித் தளத்தில் இது வாயே திறக்காது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் போதும், இது வேறு கடை என்று அதற்குத் தெரிந்துவிடும். தட்டச்சு செய்ய எண் எதுவும் இல்லாததால் யாரும் ஏமாற்றிக் கேட்டு வாங்கவும் முடியாது. பழுதுபார்த்த போனில் கூகுள் கணக்கைச் சேர்த்தேன், பழைய திரைப்பூட்டு எண்ணைக் கேட்டது, எல்லா பாஸ்கீயும் திரும்பி வந்துவிட்டன. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

வங்கி டோக்கன்? மதர்போர்டு மாறியதும் என் வங்கிக்கு அது புதுப் போன். டோக்கனை மறுபடி ஏற்றிவிட்டு 12 மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். அன்று மாலைக்குள் புது வீட்டுக்காரருக்கு முன்பணம் அனுப்பியாக வேண்டும். அவரைப் பெறுநராகச் சேர்க்கக்கூட முடியவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் பாட்டுக் கேட்கலாம். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

சரி, நியாயத்தையும் சொல்கிறேன். 2021 கடைசியில் இங்கே சிங்கப்பூரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியைப் பறிகொடுத்தார்கள். பிடுங்கிய விவரங்களை வைத்து மோசடிக்காரர்கள் தங்கள் போனிலேயே டோக்கனை ஏற்றிக்கொண்டார்கள். அதனால்தான் 2022 ஜனவரியில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் இந்த 12 மணி நேரத்தைக் கொண்டுவந்தன. அந்த இடைவெளியில்தான் உரியவர் எச்சரிக்கையைப் பார்த்து வங்கியை அழைக்க முடியும். 2024 ஜூலையில், டோக்கன் வைத்திருப்பவர்கள் உள்நுழைய ஓடிபி இனி கிடையாது, மூன்று மாதத்துக்குள் நிறுத்துகிறோம் என்றார்கள். அதுவும் சரிதான். ஓடிபியை ஏமாந்து சொல்லிவிட்ட ஒருவராவது நம் எல்லார் குடும்பத்திலும் இருப்பார்.

டோக்கனிலும் ஓட்டை உண்டு. பின்னால் இருப்பது யார் என்று பார்க்காமல் 'ஒப்புதல்' பொத்தானைத் தட்டிவிட்டால் அது காப்பாற்றாது. பாஸ்கீ அந்த வேலையை நம் கண்ணிடம் விடுவதில்லை. என் எரிச்சலே இதுதான்: நல்ல பூட்டு மின்னஞ்சலுக்கு, காத்திருப்பு பணத்துக்கு.

நண்பருக்குச் சொன்னது: பாஸ்கீ கிடைக்கும் இடத்திலெல்லாம் போடுங்கள், முதலில் மின்னஞ்சலுக்கு. வங்கிக்கு டோக்கனே இருக்கட்டும், அந்த 12 மணி நேரம் தேவைதான். ஆனால் நட்சத்திரம் கேட்டால் இன்றைக்கு இரண்டுதான் தருவேன். போன் மாற்றுவதாக இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் மாற்றுங்கள், தூங்கி எழுந்து பார்த்துக்கொள்ளலாம்.