பூனைக்காக பால்கனில போட்ட எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மெஷ்: எட்டு மாசம் கழிச்சு எழுதறேன்

நாங்க இருக்கறது சென்னை சிந்தாதிரிப்பேட்டை, முதல் மாடி, மீன் மார்க்கெட் நடந்து போற தூரம்தான், அதனால தெருவுல பூனைக்குப் பஞ்சமே இல்ல, விடியக்காலைல மீன் கூடை இறங்குற நேரத்துக்கு எதிர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல வரிசையா வந்து உக்காந்துடும். எங்க பூனை லட்டு வீட்டுக்குள்ளயே வளர்ந்தவ, மூணு வயசு, கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. காலைல எழுந்தா நேரா பால்கனிக்குத்தான் போவா.

முதல்ல போட்டது நைலான் வலை, அபார்ட்மென்ட்ல எல்லாரும் புறாவுக்குப் போடுவாங்களே அதேதான். பூனை இருக்குன்னு தெளிவா சொல்லித்தான் போடச் சொன்னேன், ஒண்ணும் ஆகாது மேடம்னாங்க. புறா கடிக்காது, பூனை கடிக்கும்! ஆறு மாச வெயில்ல நூல் விறைச்சுப் போய் கையால திருகினாலே பிஞ்சு வந்துச்சு, ஒருநாள் ராத்திரி கருப்பன் கீழ் மூலையைக் கடிச்சு உள்ள வந்துட்டான். கருப்பன் எங்க தெருக் கடுவன் (ஆண் பூனை), ஆபரேஷன் ஆகாத கடுவனுக்கே உள்ள உப்பின கன்னமும் பெரிய தலையும். நான் லைட் போடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு, தரை முழுக்க கொத்துக் கொத்தா முடி, காயம் மட்டும் எங்கயும் தெரியல. மூணாவது நாள் லட்டுவோட வால் அடில எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீக்கம், தொட்டா சுடுது. பூனைப் பல்லு ஊசி மாதிரி, குத்தின ஓட்டை மேல மூடிக்கும், உள்ள சீழ் கட்டிக்கும். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், முடியை மழிச்சு, கீறி, சீழ் எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க. எஃப்.ஐ.வி.ன்னு பூனையோட எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற வைரஸ் ஒண்ணு இருக்கு, மனுஷங்களுக்கு ஒட்டாது, பூனைக்குப் பூனை முக்கியமா கடியிலதான் பரவும், கடிபட்ட உடனே டெஸ்ட் பண்ணா தெரியாதாம், 60 நாள் கழிச்சு பண்ணணும். அந்த ரெண்டு மாசம் நான் நிம்மதியா தூங்கல. நெகட்டிவ்னு வந்தப்ப அம்மா அழுதுட்டாங்க.

டெஸ்ட்டுக்குக் காத்திருந்தப்பவே பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போய் மெஷ் பார்த்தேன். கடைல பெரியவர் ஒருத்தர் "கொசுவுக்காம்மா, பூனைக்கா?"ன்னு கேட்டுட்டு பொறுமையா ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டினார். ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) விலை கம்மி, ஆனா நம்ம ஊர் உப்புக் காத்துக்கு வெல்டிங் பாயின்ட்லேர்ந்து துரு ஏறிடும். எஸ்.எஸ்.ல 202, 304ன்னு கிரேடு உண்டு, பார்க்க ரெண்டும் ஒண்ணுதான், காந்தம் வெச்சுப் பாருன்னு நிறைய பேர் சொல்வாங்க, ஆனா ரெண்டுமே காந்தத்துல பெருசா ஒட்டாது, அதனால பில்லுல 304ன்னு எழுதி வாங்கிக்கோங்க. ஓட்டை அரை இன்ச் எடுத்தேன், ஒரு இன்ச்னா விரல் நுழைஞ்சு ரெண்டு பக்கமும் நகம் மாட்டிக்கும். அலுமினிய ஃபிரேம், கூலி எல்லாம் சேர்த்து 11,800 ஆச்சு. நைலானுக்கு 1,500தான் கொடுத்திருந்தேன், வித்தியாசம் பெருசுதான், ஆனா கருப்பன் முதல் வாரம் ரெண்டு தடவை தொங்கிப் பார்த்தும் ஒரு கம்பி வளையல, மழைக்காலமும் ஒண்ணு தாண்டியாச்சு, துரு இல்ல.

கடைல யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. மெஷ் போட்டாலும் ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டேதான் இருக்கும். கருப்பன் வெளியேர்ந்து ஃபிரேம் மேல மூத்திரத்தைப் பீச்சி அடிப்பான், அந்த வாடைக்கு லட்டு, ஒரு நாளும் லிட்டர் பாக்ஸ் தவறாதவ, வாசல் மிதியடில மூத்திரம் போக ஆரம்பிச்சா. வால் பொசுபொசுன்னு ஆகி உறுமிட்டு நின்னவளை தம்பி தூக்கப் போனான், கையில நல்லா கடிச்சுட்டா. தம்பி மேல கோவம் இல்ல, வெளிய இருக்கறவனை எட்ட முடியாத கோவம் பக்கத்துல யார் இருந்தாலும் அவங்க மேல பாயும். (அவளுக்கு ரேபிஸ் ஊசி போட்டிருந்தும், சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு தம்பியைக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டோம், இதுல அலட்சியம் வேண்டாம்.) அந்த நேரத்துல தயவுசெஞ்சு தூக்காதீங்க, கதவைச் சாத்திட்டு தனியா விடுங்க.

அதனால ஒண்ணையொண்ணு பார்க்காம இருக்க மெஷ்ஷோட கீழ் ரெண்டு அடிக்கு வெள்ளை சன்போர்டு (லேசான பிளாஸ்டிக் பலகை) ஷீட்டை கேபிள் டை போட்டுக் கட்டினேன். பீச்சின இடத்தை என்சைம் கிளீனர் வெச்சுத் துடைச்சேன், ஃபினாயில் பூனைக்கு விஷம், பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. அம்மா பால்கனிக்கு நேர் கீழ மீன் தலை வெக்கறதை தெருக்கோடிக்கு மாத்தினாங்க. கருப்பனை கூண்டு வெச்சுப் புடிச்சு ஆபரேஷனும் பண்ணியாச்சு, இடது காது நுனி வெட்டியிருக்கும், ஆபரேஷன் ஆனவன்னு அடையாளம். பீச்சறது உடனே நிக்கல, ஆறு வாரம் போல ஆச்சு.

மெஷ்ல குறைன்னா, ஓட்டை சின்னதுங்கறதால முடி சிக்கிக்கும், வாரத்துக்கு ஒரு தடவை பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்க்கணும். கதவுக்குக் கொடுத்த கொக்கி தரமே இல்ல, கழட்டிட்டு டவர் போல்ட் (தாழ்ப்பாள்) போட்டேன், நீங்க முதல்லயே அதைக் கேட்டுடுங்க.

சன்போர்டை மூணு மாசமா மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வெட்டிட்டு வரேன், இப்போ ஒண்ணேகால் அடி இருக்கு. லட்டு உக்காந்தா காது ரெண்டும் மட்டும் மேல தெரியும். கருப்பன் எதிர் கூரையில படுத்துக்கிட்டு அந்தக் காதையே பார்க்கறான், சீறல, எழுந்துக்கவும் இல்ல.