ஸ்டேஷன் ஜாமீன் என்று 35,000 வாங்கினார். எங்கள் மேல் கேஸே இல்லை

காரைக்குடிப் பக்கத்தில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்து பதறிக்கொண்டு கிளம்புகிறவர்கள், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஊர் பெயரும் ஸ்டேஷன் பெயரும் வேண்டாம்.

எங்கள் வீடு ஏழு பங்காளிகளுக்குப் பொது. முகப்புச் சாவி அப்பச்சியிடம்தான் இருக்கும் (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், பெண்களை ஆச்சி என்று கூப்பிடுவார்கள்). ஒரு சாண் நீளம். மேல்துண்டில் முடிந்து வைத்திருப்பார். பங்காளி ஒருவர் யாரையும் கேட்காமல் வீட்டை ஷூட்டிங்குக்குப் பேசி முடித்துவிட்டார். “ஏழு பேர் கையெழுத்தும் வரட்டும், அப்புறம் சாவி” என்றார் அப்பச்சி. வாய்ச்சண்டை, கொஞ்சம் தள்ளுமுள்ளு. அப்பச்சி கெட்ட வார்த்தையில் திட்டினார், அடித்தார், கொன்றுவிடுவேன் என்றார் என்று அந்தப் பங்காளி போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் போன். அப்பச்சிக்கு 67 வயது. அவரை உள்ளே பெஞ்சில் உட்கார வைத்தார்கள், சாவி ரைட்டர் மேஜைமேல் போனது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். வக்கீல் ஆபீஸ் ஆள் என்றார். ஸ்டேஷனுக்குள் சொந்த வீடு மாதிரி போய்ப் போய் வந்தார்.

“ஆச்சி, கிழமையைப் பாருங்க. இன்னைக்கு ரிமாண்ட் பண்ணுனா கோர்ட் லீவு, திங்கக்கிழமை வரைக்கும் ஐயா உள்ளதான். 35 குடுத்தா ஸ்டேஷன் ஜாமீன்ல கையோட கூட்டிட்டுப் போயிரலாம்.” நான் யோசிக்கவும் அடுத்ததைப் போட்டார்: “சாவியைப் பிடிச்சு இழுத்ததுல உங்க பேரும் இருக்கு. ராத்திரியோட ராத்திரியா உங்களையும் தூக்கிருவாங்க.”

20,000 ஜிபே, 15,000 கையில். எட்டரை மணிக்கு அப்பச்சி ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். காசு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். நன்றிக்கு அந்த ஆளுக்கு ஒரு டப்பா சீப்புச் சீடை வேறு கொடுத்தனுப்பினேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

மூன்று வாரம் கழித்து வீட்டுப் பாக விஷயமாகத் தேவகோட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “எஃப்.ஐ.ஆர். நம்பர் என்ன?” எங்களிடம் இல்லை. விசாரித்தால், எஃப்.ஐ.ஆரே போடவில்லை. புகாரை சி.எஸ்.ஆரில் (புகார் வந்ததை மட்டும் குறித்து வைக்கும் ஸ்டேஷன் பதிவேடு) பதிந்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, “சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம்” என்று எழுதி வாங்கி முடித்திருக்கிறார்கள். அப்பச்சி கையெழுத்துப் போட்டது அதில்தான். கைதும் இல்லை, கேஸும் இல்லை. அப்புறம் ஜாமீன் எதற்கு?

சரி, கேஸே போட்டிருந்தால்? அந்தப் புகாருக்கு வரக்கூடிய பிரிவுகள் ஆபாசமாகத் திட்டுவது, சாதாரணக் காயம், மிரட்டல். மூன்றுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். அதில் ஜாமீன் நம் உரிமை. ஸ்டேஷனிலேயே கொடுக்க வேண்டும், அதற்கு ஃபீஸ் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 478-ஆவது பிரிவு. அதே சட்டத்தின் 35-ஆவது பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: மூன்று வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம், ஆள் அறுபதைத் தாண்டியவர் என்றால், டி.எஸ்.பி. அல்லது அதற்கு மேலான அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைதே செய்யக் கூடாது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கும் எடுத்தவுடன் கைது கூடாது, தேவை இருந்தால்தான், இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-லேயே சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தால் மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள், அது வேறு வம்பு.

வெள்ளிக்கிழமைப் பூச்சாண்டியும் பொய். கைது செய்தால், பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். லீவு என்பதற்காக அது நீளாது, லீவு நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். பெண்களை சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலைமை என்றால்கூட பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், நாம் சொல்லும் ஆளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். 1996-ல் சுப்ரீம் கோர்ட் டி.கே. பாசு வழக்கில் வகுத்த முறை இது, இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கவும் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லையா, 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி மையம். இந்த நம்பர் அன்றைக்கு என் போனில் இருந்திருந்தால் 35,000 மிச்சம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அன்றைக்கு எந்தப் போலீஸ்காரரும் என்னிடம் காசு கேட்கவில்லை. ஆனால் அந்த ஆள் உள்ளே போய் வந்தபோது “யாருய்யா நீ” என்று கேட்கவும் ஒருவர் இல்லை.

ஜிபே நம்பர் வேறு யாரோ பெயரில் இருக்கிறது. அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு எஸ்.பி. ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபாலில் மனு அனுப்பியிருக்கிறேன். கையில் கொடுத்த 15,000-க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

போன வாரம் அந்த வழியாகப் போனபோது அதே டீக்கடையில், அதே ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, அந்த அம்மாவிடம் கேட்டேன்: “எஃப்.ஐ.ஆர். நம்பர் சொன்னாங்களாம்மா?”